லவிங்: ஊருக்குத் திரும்பக் கேட்ட இருவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016இல் வந்த 'லவிங்' படத்தை நான் பலரிடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நடந்த வரலாறு என்பதால் முடிவு உட்பட எதையும் மறைக்கவில்லை.

படத்தின் கதை என்ன?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கேரலைன் கவுண்டி என்று ஒரு கிராமப்புறப் பகுதி. அங்கே சென்ட்ரல் பாயிண்ட் என்ற சின்ன ஊர். ரிச்சர்ட் லவிங் அந்த ஊர்க் கொத்தனார், வெள்ளைக்காரர். மில்ட்ரெட் ஜீட்டரும் அதே ஊர்ப் பெண். அவருடைய முன்னோர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, அமெரிக்கப் பூர்வகுடிகளும் உண்டு. வர்ஜீனியாவில் இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. வாஷிங்டனுக்குப் போய் 1958 ஜூன் 2ஆம் தேதி மணம் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை, நள்ளிரவில் அந்தப் பகுதியின் காவல் அதிகாரியான ஷெரிஃப் வந்து இருவரையும் பிடித்துக்கொண்டு போனார். தண்டனையாக மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். ஒன்பது ஆண்டு கழித்து அவர்கள் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. வெவ்வேறு இனத்தவர் மணப்பதைத் தடுத்த சட்டங்கள் அதோடு செல்லாமல் போயின.

இது வழக்கின் கதை. படத்தின் கதை என்னைக் கேட்டால் இன்னும் சின்னது: இரண்டு பேர் தங்கள் ஊரில், தங்கள் சனங்களுக்குப் பக்கத்தில், ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்க ஆசைப்பட்டார்கள். அவ்வளவுதான்.

'லவிங்' என்பது படத்துக்காக வைத்த பெயரா?

இல்லை. ரிச்சர்டின் குடும்பப் பெயரே அதுதான். 'அன்பான', 'காதலிக்கும்' என்று பொருள் தருகிற ஒரு சொல் வழக்கின் பெயராக வந்து அமைந்தது தற்செயல். வழக்கின் முழுப்பெயர் 'லவிங் எதிர் வர்ஜீனியா'. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்தப் பெயரில்தான் பாடம் நடத்துகிறார்கள்.

கல்யாணம் செய்துகொண்டதற்கு எப்படிக் கைது செய்ய முடியும்?

வர்ஜீனியாவில் 1924இல் 'இனத் தூய்மைச் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெள்ளையர் ஒருவர் வெள்ளையரல்லாத யாரையும் மணக்கக் கூடாது. வெளி மாநிலத்துக்குப் போய் மணந்துவிட்டு வந்து சேர்ந்து வாழ்ந்தாலும் குற்றம்தான். தண்டனை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

அந்தச் சட்டத்தில் யார் வெள்ளையர் என்று வரையறுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். வேறு இன ரத்தம் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. பதினாறில் ஒரு பங்கு வரை பூர்வகுடி ரத்தம் இருந்தால் வெள்ளையராகவே கொள்ளலாம். காரணம், வர்ஜீனியாவின் பெரிய குடும்பங்கள் சில, நாங்கள் பொகஹொண்டாஸ் என்ற பூர்வகுடி இளவரசியின் வம்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர்கள் கௌரவத்துக்குக் குறை வரக் கூடாது என்று சட்டமே வளைந்து கொடுத்தது. கேரலைன் கவுண்டிக் கொத்தனாருக்காக யாரும் வளையவில்லை.

அந்தக் கைதுக் காட்சி உண்மையில் அப்படித்தான் நடந்ததா?

ஏறக்குறைய அப்படியேதான். 1958 ஜூலை 11, அதிகாலை இரண்டு மணி வாக்கில் ஷெரிஃப் கார்னெட் ப்ரூக்ஸ் தன் ஆட்கள் இருவரோடு மில்ட்ரெட்டின் பெற்றோர் வீட்டுக்குள் நுழைந்தார். தூக்கத்திலிருந்து எழுந்தவர்களின் முகத்தில் டார்ச் வெளிச்சம். இந்தப் பெண்ணோடு படுக்கையில் என்ன செய்கிறாய் என்று ரிச்சர்டிடம் கேட்டார்கள். "நான் இவர் மனைவி" என்று பதில் சொன்னது மில்ட்ரெட். ரிச்சர்ட் சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டினார். "இங்கே அது செல்லாது" என்றார் ஷெரிஃப்.

படத்தில் அந்தச் சான்றிதழைக் கொஞ்சம் முன்னால்தான் காட்டியிருப்பார்கள். ரிச்சர்ட் அதற்கு ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவார். நம் வீடுகளில் கல்யாணப் போட்டோவை மாட்டுகிற மாதிரிதான் எனக்கு முதலில் பட்டது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உறைத்தது. கதவைத் தட்டப் போகிறார்கள் என்று அந்த மனிதருக்கு உள்ளூரத் தெரியும். வந்தால் காட்ட வேண்டும் என்பதற்காகவே கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்.

ரிச்சர்ட் மறுநாளே ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். மில்ட்ரெட்டை இன்னும் சில நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அப்போது அவர் கர்ப்பிணி.

ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்? போராடியிருக்கலாமே?

கையில் காசு இல்லை, பின்னால் அமைப்பு எதுவும் இல்லை. ஒப்புக்கொண்டால் சிறைக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்றுதான் சொல்லப்பட்டது. 1959 ஜனவரி 6ஆம் தேதி நீதிபதி லியோன் பஸீல் ஓராண்டுச் சிறை விதித்து, அதை நிறுத்திவைத்தார். நிபந்தனை இதுதான்: இருவரும் உடனே வர்ஜீனியாவை விட்டுப் போக வேண்டும், 25 ஆண்டுகளுக்கு இருவரும் சேர்ந்தோ ஒரே நேரத்திலோ திரும்பி வரக் கூடாது.

தனித்தனியாக வரலாம். அம்மாவைப் பார்க்க ஒருவர் வந்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். ஊர் அங்கேயே இருக்கும், குடும்பமாகப் போக முடியாது. ஓராண்டுச் சிறையை விட இதுதான் எனக்குக் கொடிய தண்டனையாகத் தெரிகிறது. சிறை முடிந்துவிடும். இது பிள்ளைகளின் இளமைக் காலம் முழுவதையும் விழுங்கிவிடும்.

மில்ட்ரெட் எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது?

வாஷிங்டனில் உறவினர் வீட்டில் தங்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். மில்ட்ரெட்டுக்கு நகரம் பிடிக்கவே இல்லை. விளையாட இடம் இல்லை, புல் இல்லை, தெருவில் வண்டிகள். 1963இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கு எழுதினார். அவர் அலுவலகம் ஏ.சி.எல்.யு. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பிடம் போகச் சொன்னது. அவர்களுக்கும் தன் கைப்பட எழுதினார், 1963 ஜூன் 20 தேதியிட்டு.

அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பிரச்சினை என்று தொடங்கி, ஐந்தாண்டுக்கு முன் இங்கே மணந்தோம், என் கணவர் வெள்ளையர், நான் ஒரு பங்கு கறுப்பினம், ஒரு பங்கு பூர்வகுடி என்று சொல்லி, நடந்ததை விவரிக்கிறார். கேட்டது என்ன தெரியுமா? அங்கே குடியிருக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும், எப்போதாவது போய்க் குடும்பத்தையும் நண்பர்களையும் பார்த்துவிட்டு வர விரும்புகிறோம் என்கிறார். சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர லீவு கேட்பது போலத்தான் இருக்கிறது அந்த வரி. ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிய வழக்கு இந்த ஒரு வரியிலிருந்து கிளம்பியது. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வக்கீல்கள் அவ்வளவு அனுபவம் இல்லாதவர்களாகத் தெரிகிறார்களே?

பெர்னார்ட் கோஹனுக்கு வழக்கு வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு சேர்ந்த ஃபிலிப் ஹிர்ஷ்காப் சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். இவர்களாக நடித்த நிக் க்ரோலும் ஜான் பாஸும் அந்தத் தடுமாற்றத்தை நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வழக்கு கைக்கு வந்துவிட்டதே என்ற உற்சாகம் கோஹன் முகத்தில் தெரியும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் ரிச்சர்ட் முகம் இறுகிப்போகும். அவருக்கு அது வழக்கு இல்லை, வாழ்க்கை.

வழக்கு முடிய ஏன் அவ்வளவு காலம் ஆனது?

1959 தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. குற்றத்தை வேறு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வக்கீல்கள் பிடித்த நூல் இது: தண்டனை 25 ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றால் விஷயம் இன்னும் நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது, ஆகவே தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். 1963 நவம்பரில் அதே பஸீலிடம் மனு போட்டார்கள். அவர் ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தொடவே இல்லை. மத்திய நீதிமன்றத்தை நாடிய பிறகுதான், 1965 ஜனவரியில், பதில் எழுதினார்.

அந்தப் பதிலைத்தான் உலகம் இன்று நினைவு வைத்திருக்கிறது. எல்லாம் வல்ல இறைவன் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், அவர் பிரித்து வைத்ததே இனங்கள் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதினார். அமெரிக்கக் கண்டத்தில் இறைவன் யாரை வைத்தார் என்று பார்த்தால், மில்ட்ரெட்டின் பூர்வகுடி முன்னோர்கள்தான் அங்கே இருந்தவர்கள். ஊரை விட்டுப் போகச் சொன்னது அவர்கள் வழிவந்த பெண்ணை.

1966 மார்ச்சில் வர்ஜீனியாவின் உச்ச முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் சரியென்றே சொன்னது. அப்புறம் வாஷிங்டன்.

உச்ச நீதிமன்ற வாதம் ஏன் படத்தில் இவ்வளவு குறைவு?

ரிச்சர்டும் மில்ட்ரெட்டும் அங்கே போகவில்லை என்பதுதான் காரணம். 1967 ஏப்ரல் 10 அன்று வாதம் நடந்தது. அழைத்தும் இருவரும் வரவில்லை. படம் அவர்களோடேயே வீட்டில் தங்கிவிடுகிறது. சில நிமிடம் மட்டும் வக்கீல்களைக் காட்டிவிட்டு மீண்டும் பிள்ளைகள், சமையல், வயல்வெளி என்று திரும்பிவிடுகிறது.

வேறொரு இயக்குநராக இருந்தால் அரை மணி நேர நீதிமன்றக் காட்சி வைத்துக் கைதட்டல் வாங்கியிருப்பார். ஜெஃப் நிக்கல்ஸ் அதை விட்டுக்கொடுத்தது இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நீதிபதிகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கோஹன் கேட்கிறார். நான் என் மனைவியை நேசிக்கிறேன் என்று சொல்லுங்கள், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாதது அநியாயம் என்றார் ரிச்சர்ட். கோஹன் அதை நீதிமன்றத்தில் அப்படியே சொன்னார். ஒன்பது ஆண்டில் அந்த மனிதர் வைத்த வாதம் அது ஒன்றுதான்.

தீர்ப்பு என்ன சொன்னது?

1967 ஜூன் 12. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். வர்ஜீனியாவின் வாதம், இந்தச் சட்டம் வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே அளவில்தானே தண்டிக்கிறது, இதில் பாகுபாடு எங்கே என்பது. கேட்டால் நியாயம் போலவே தோன்றும். வாரன் அதை ஒரே இடத்தில் உடைத்தார். வெள்ளையர் சம்பந்தப்பட்ட கலப்பு மணத்தை மட்டும்தான் இந்தச் சட்டம் தடுக்கிறது, மற்ற இனத்தவர் தங்களுக்குள் எப்படி மணந்துகொண்டாலும் கவலைப்படவில்லை. அப்படியானால் இது வெள்ளை மேலாதிக்கத்தைக் காப்பாற்ற வந்த சட்டம், வேறொன்றும் இல்லை. எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தரும் 14ஆம் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு இது விரோதமானது. திருமணம் மனிதரின் அடிப்படைக் குடிமை உரிமைகளில் ஒன்று என்றும் எழுதினார். அன்றைய தேதியில் 16 மாநிலங்களில் இத்தகைய தடைச் சட்டம் இருந்தது. 2015இல் ஒருபால் திருமணத்தை அங்கீகரித்த தீர்ப்பும் இந்த வழக்கை எடுத்தாண்டது.

படத்தில் தீர்ப்பு வருவது ஒரு தொலைபேசி அழைப்பாக. மில்ட்ரெட் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்கிறார். துள்ளவில்லை, கத்தவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைக்கிறார். மில்ட்ரெட்டாக நடித்த ரூத் நெகாவின் கண்ணை மட்டும் பாருங்கள்.

ரிச்சர்ட் ஏன் எப்போதும் முகத்தை இறுக்கிக்கொண்டே இருக்கிறார்?

பலருக்கு இது குறையாகப் படுகிறது. உண்மையான ரிச்சர்டும் அப்படித்தான். பழைய படச்சுருளில் அவரைப் பார்த்தால் கேமராவைக் கண்டு ஒதுங்குவது தெரியும். அதிகம் பேசாத மனிதர் வேலையில் பேசுகிறார். ரிச்சர்டாக நடித்த ஜோயல் எட்ஜர்ட்டன் கலவையைக் கரண்டியில் அள்ளிப் போட்டு, கல்லை வைத்துத் தட்டி, ரசமட்டம் பார்க்கும் இடங்களைக் கவனியுங்கள். மற்ற நேரமெல்லாம் குனிந்திருக்கும் அந்தத் தலை அங்கே மட்டும் நிமிர்ந்திருக்கும். யார் யாருக்கோ வீடு கட்டுகிற கொத்தனார், தனக்கென்று வாங்கிய ஒரு ஏக்கரில் கட்ட முடியாமல் நிற்கிறார்.

ஓர் இரவு அவர் மனைவியிடம் உடைந்துபோய், உன்னை என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

புகைப்படக்காரராக மைக்கேல் ஷானன் வருகிறாரே, அவர் நிஜ மனிதரா?

ஆமாம். 'லைஃப்' பத்திரிகையின் க்ரே வில்லே. ரிச்சர்ட் சோபாவில் படுத்து மில்ட்ரெட்டின் மடியில் தலை வைத்து, இருவரும் டிவி பார்த்துச் சிரிக்கும் படம் அவர் எடுத்தது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். படத்தையும் புகைப்படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் எடுத்த படங்கள் 1966 மார்ச்சில் அச்சானபோதுதான் வழக்குக்குப் பின்னால் இருக்கும் இந்த இரண்டு முகங்களையும் நாடு பார்த்தது.

நடிகர்கள் அமெரிக்கர்களா?

முக்கியமான இருவரும் இல்லை. எட்ஜர்ட்டன் ஆஸ்திரேலியர். நெகாவின் அம்மா அயர்லாந்துக்காரர், அப்பா எத்தியோப்பியர். பிறந்தது அடிஸ் அபாபாவில், வளர்ந்தது பெரும்பாலும் அயர்லாந்தில். இந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். படம் 2016இல் கேன்ஸ் விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. வர்ஜீனியாவிலேயே படமாக்கினார்கள்.

படம் ரொம்ப மெதுவாக இருக்கிறதே?

இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சண்டை இல்லை, பெரிய வசனம் இல்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும் இடங்களில் பயம் இருந்துகொண்டே இருக்கும். மண் ரோட்டில் தூரத்தில் ஒரு கார் வந்தால் ரிச்சர்ட் நிமிர்ந்து பார்ப்பார். நாமும் பார்ப்போம். வழக்கு நடக்கும்போதே அவர்கள் ரகசியமாக வர்ஜீனியாவுக்குத் திரும்பி ஒரு பண்ணை வீட்டில் குடியிருந்த காலம் அது.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். எங்கேயும் விளக்கம் கேட்கவில்லை. ஷெரிஃப் வந்தபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

சட்டம் சரியானது. 1958இல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் வெள்ளையர்–கறுப்பர் திருமணத்தை ஆதரித்தவர்கள் வெறும் 4 சதவீதம். மனங்கள் அங்கிருந்து நகர வெகுகாலம் பிடித்தது. அலபாமா மாநிலம் தன் சாசனத்தில் செத்துக்கிடந்த தடையை நீக்க வாக்கெடுப்பு வைத்தது 2000ஆம் ஆண்டில். நீக்கியாயிற்று, ஆனால் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

இந்தச் சட்டங்கள் இந்தியர்களையும் பாதித்தனவா?

பாதித்தன. 1900களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்கு விவசாய வேலைக்குப் போன பஞ்சாபியரால் அங்கே வெள்ளைக்காரப் பெண்களை மணப்பது கடினம். பலர் மெக்சிகோ வழிப் பெண்களை மணந்தார்கள். அப்படி ஒரு பஞ்சாபி–மெக்சிகன் சமூகமே உருவானது. ஆசியர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. லவிங் வழக்கில் ஜப்பானிய அமெரிக்கர் அமைப்பின் சார்பில் வில்லியம் மாருட்டானி என்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடினார்.

முதலில் ஆவணப்படம் பார்க்க வேண்டுமா?

இதைப் பார்த்துவிட்டு அதைப் பாருங்கள். நான்சி பியர்ஸ்கி எடுத்த ஆவணப்படம்தான் இந்தப் படத்துக்கு ஊற்று. நிஜ மில்ட்ரெட்டின் குரலை அதில் கேட்கலாம், மெல்லிய, நிதானமான குரல். பிள்ளைகளோடு பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கலாம். கைதுக் காட்சிக்குப் பிறகு கேள்வி கேட்பார்கள். நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

ஊருக்குத் திரும்பினார்கள். ரிச்சர்ட் தன் கையாலேயே வீட்டைக் கட்டினார். 1975 ஜூனில், ஊருக்குள்ளேயே, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் அவர்கள் கார் மீது மோதினார். ரிச்சர்ட் இறந்துபோனார், வயது 41. மில்ட்ரெட்டுக்கு ஒரு கண் போயிற்று. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பேட்டிகளைத் தவிர்த்து, அந்த வீட்டிலேயே வாழ்ந்து 2008 மே மாதம் காலமானார்.

படம் முடிந்து திரை இருண்ட பின் மில்ட்ரெட் பின்னாளில் சொன்னதை எழுத்தில் காட்டுகிறார்கள். அவர் இல்லாதது எனக்கு ஏக்கமாக இருக்கிறது, அவர் என்னைப் பார்த்துக்கொண்டார் என்று.